திக்கிப் பேசும் பிள்ளைகளும் நமது பொறுப்பும்

(மக்தப் பெற்றோர் கூட்டத்தில் ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





வழக்கமாக இக்கூட்டத்தில் மக்தபின் ஆண்டுத் தேர்வு முடிவுகள் வாசிக்கப்படும். இவ்வாண்டு அவை வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுவிட்டன. இன்றைய நேரத்தை, சென்ற ஆண்டுத் தேர்வுக்கே வராமல் போன ஒரு மாணவனை முன்னிட்டுப் பேசுவதற்காக நிர்வாகக் குழுவிடம் கேட்டுப் பெற்றிருக்கிறோம்.

அப்போது அவனுக்கு வயது ஒன்பது. பெயர் வேண்டாம். இரண்டு ஆண்டுகளாக மக்தபுக்கு வந்துகொண்டிருந்தவன். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஓதும்போது அவனுடைய குரல் தனித்துக் கேட்கும். தஜ்வீதிலும் குறை சொல்ல முடியாது என்பது உஸ்தாதின் சாட்சியம். சென்ற ஆண்டு எங்கள் குழு மக்தபைப் பார்வையிட வந்த அன்று, ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி அவரவர் பெயரையும் வாப்பாவின் பெயரையும் கேட்டோம். அவன் முறை வந்தது. எழுந்து நின்றான், வாய் திறந்தது, ஒலி வரவில்லை. கண்களை இறுக மூடினான்; வலக்காலைத் தரையில் ஒருமுறை தட்டினான்; பெயரின் முதல் எழுத்து மட்டும் நான்கைந்து முறை உடைந்து உடைந்து வந்தது. பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. எங்களில் ஒருவர், கேலி செய்யும் எண்ணத்தில் அல்ல, நிலைமையை இலகுவாக்கும் எண்ணத்தில், "என்ன தம்பி, சொந்தப் பெயரே மறந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டார். சிரிப்பு இன்னும் கூடியது. உஸ்தாதுக்கோ பார்வையாளர் முன்னிலையில் வெட்கம். "நேற்று வரை மணி மணியாக ஓதினவன், இன்று வேண்டுமென்றே செய்கிறான்" என்று சொல்லி அவனைச் சுவரோரம் நிறுத்திவைத்தார்.

மறுநாள் அவன் வரவில்லை. வயிற்றுவலி என்று உம்மா சொல்லியனுப்பினார். இரண்டு வாரம் கழிந்தும் வயிற்றுவலிதான். பெண்கள் பிரிவில் ஓதும் அவனுடைய ராத்தாதான் பிறகு உண்மையைச் சொன்னாள். மக்தப் நேரம் நெருங்கும்போதெல்லாம் தம்பி வாந்தி எடுக்கிறான் என்றாள்.

உஸ்தாதைக் குறை கூறும் உரிமை எங்களுக்கு இல்லை. கேள்வியைக் கேட்டவர்கள் நாங்கள். சிரிப்பை அடக்காமல் விட்டவர்களும் நாங்கள். அறியாமையில் அவரும் நாங்களும் சமமாகவே இருந்தோம். அதன் பின்னர், 'ஸ்பீச் தெரபிஸ்ட்' என்று வழக்கில் சொல்கிறோமே, அத்தகைய பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரை வெளியூரிலிருந்து அழைத்து இருமுறை மக்தபுக்கு வரச் செய்தோம். அவரிடம் கேட்டவற்றையும், அதன் பிறகு தேடிப் படித்தவற்றையும்தான் இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

நாங்கள் அவரிடம் முதலில் கேட்ட கேள்வி, உஸ்தாத் அன்று எழுப்பிய அதே கேள்விதான். சேர்ந்து ஓதும்போது வராத திக்கல், பெயர் சொல்லும்போது மட்டும் எப்படி வருகிறது? நடிப்பு இல்லையென்றால் இது என்ன?

அவர் சிரித்தார். திக்குவோரிடத்தில் உலகெங்கும் காணப்படுவதே இதுதான் என்றார். பலர் ஒரே குரலில் சேர்ந்து சொல்லும்போதும், இராகத்தோடு பாடும்போதும், தாளத்திற்கு ஏற்ப அசை அசையாகச் சொல்லும்போதும் பெரும்பாலோருக்குத் திக்கல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சிலருக்கு அறவே மறைந்துவிடுகிறது. தனியாக இருக்கும்போதும், பூனைக்குட்டியிடமும் கைக்குழந்தையிடமும் பேசும்போதும் சரளமாகப் பேசும் பிள்ளைகள் உண்டு. கூட்டாக ஓதும்போது அடுத்த ஒலி எது, அது எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு நீள வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவானவை. அருகில் இருப்பவரின் குரலும் கைபிடித்து அழைத்துச் செல்கிறது. சொந்தமாகப் பேசும்போதோ சொல்லைத் தேர்வதும், கோப்பதும், தக்க நொடியில் தொடங்குவதும் ஆகிய அத்தனை வேலைகளையும் மூளை ஒருசேரச் செய்தாக வேண்டும். அதற்கு மேல், எதிரே ஒருவர் காத்திருக்கிறார். ஆகவே 'நன்றாக ஓதுகிறானே' என்பது அவன் நடிக்கிறான் என்பதற்குச் சான்றாகாது. நாள்தோறும் ஏற்றத்தாழ்வு இருப்பதும் இதன் இயல்பே. செவ்வாய்க்கிழமை தடையின்றிப் பேசிய பிள்ளை புதன்கிழமை ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் தவிப்பான்.

பெயரில் ஏன் இத்தனை சிரமம்? ஏனெனில் பெயருக்கு மாற்றுச்சொல் கிடையாது. திக்கும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடச் சாமர்த்தியசாலிகள். 'தண்ணீர்' வராது என்று தெரிந்தால் 'தாகமா இருக்கு' என்பதற்குக் கூட 'த' வேண்டுமே என்று எண்ணி, 'குடிக்கணும்' என்று மாற்றிச் சொல்வார்கள். வரலாற்றில் இதற்கு ஓர் உதாரணம் நினைவுக்கு வருகிறது. கி.பி. 748இல் மறைந்த பஸ்ரா நகரத்து வாஸில் இப்னு அதாவுக்கு 'ரா' என்னும் எழுத்து நாவில் சரியாக வராது. அந்த எழுத்தே இல்லாத சொற்களாகத் தேர்ந்தெடுத்து அவர் சொற்பொழிவே நிகழ்த்தினார் என்று அறிஞர் ஜாஹிழ் குறித்துவைத்திருக்கிறார். (அவருடைய கொள்கைகள் பற்றிய விவாதம் வேறு, அதை இங்கே எடுக்கவில்லை.) வாஸிலுக்கு இருந்தது உச்சரிப்புக் குறை, திக்கல் அன்று. எனினும் ஒரு சொல்லைச் சொல்ல இயலாதவர் அதைச் சுற்றிக்கொண்டு போக எவ்வளவு உழைக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை. நம் பிள்ளை இந்த உழைப்பை நாள் முழுவதும் செய்கிறான். மாலையில் அவன் களைத்துப்போவதும் எரிந்து விழுவதும் வியப்பல்ல.

திக்கல் மூன்று விதமாக வெளிப்படும். ஒலியோ அசையோ மீண்டும் மீண்டும் வருவது ஒன்று: வா-வா-வாப்பா. ஒலி நீண்டு இழுபடுவது மற்றொன்று: ம்ம்ம்மாமா. மூன்றாவது, ஒலியே வெளிவராமல் அடைத்துக்கொள்வது; அன்று மக்தபில் நாங்கள் கண்டது அதைத்தான். கண் சிமிட்டலும் கால் தட்டலும் தலையை அசைத்தலும் அந்த அடைப்பை உடைக்க அவன் கண்டுபிடித்த வழிகள். என்றோ ஒருநாள் காலைத் தட்டியபோது சொல் வெளிவந்திருக்கும். அதனால் அது பழக்கமாகிவிட்டது. மூன்று வயதுப் பிள்ளை 'அப்புறம் அப்புறம் வந்து' என்று முழுச்சொல்லைத் திருப்பிச் சொல்வது பேச்சுப் பழகும் பருவத்தின் இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மற்றொரு வகையும் உண்டு. சில பிள்ளைகள் அதிவேகமாக, அசைகளை விழுங்கிவிட்டுக் குழறிப் பேசுவார்கள். தம் பேச்சு பிறருக்குப் புரியவில்லை என்பதே பலவேளை அவர்களுக்குத் தெரியாது. அதுவும் சரளக் குறைபாட்டில் சேர்ந்ததே என்றாலும் அதற்கான பயிற்சி வேறு.

இனி, இது எதனால் வருகிறது என்பதைப் பார்ப்போம். நாய் துரத்திப் பயந்ததால் வந்தது, கிச்சுகிச்சு மூட்டியதால் வந்தது, பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துக் கேலி செய்ததால் ஒட்டிக்கொண்டது என்று நம் தெருக்களில் பல காரணங்கள் உலவுகின்றன. இவற்றில் எதுவும் காரணம் அன்று. பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளின் இணைப்பிலும், ஒன்றன்பின் ஒன்றாக அவை இயங்கும் நேர ஒழுங்கிலும் சிறு வேறுபாடு இருப்பதை மூளைப் படங்கள் காட்டியுள்ளன. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. 2010ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் திக்கலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை முதன்முதலில் அடையாளம் கண்டபோது, அதற்கு வழிகாட்டியவை உறவுக்குள்ளேயே மணம் முடித்துவந்த பாகிஸ்தானியக் குடும்பங்களே. இதைக் கேட்டவுடன், 'அப்படியானால் மாமன் மகளைக் கட்டியதுதான் காரணமா' என்று ஒரு தந்தை எங்களிடம் கேட்டார். அப்படி முடிவு கட்டக் கூடாது. அத்தகைய பெரிய குடும்பங்களில் மரபணுவைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது என்பதால் அவர்களை ஆராய்ந்தார்கள். உறவில் மணம் முடிக்காத குடும்பங்களிலும் திக்கல் உண்டு. உலகின் எல்லா மொழியினரிடத்திலும் உண்டு.

நாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 'நாக்கு தடிமனாக இருக்கிறது, கீழ்நரம்பை வெட்டிவிட்டால் சரியாகும்' என்ற நம்பிக்கை நம்மிடையே இன்னும் இருக்கிறது. ஐரோப்பாவிலும் இருந்தது. 1841இல் பெர்லின் நகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் டீஃபன்பாக், திக்குவோரின் நாவின் அடிப்பகுதியில் ஆப்பு வடிவில் சதையை வெட்டியெடுத்துத் தைத்தார். மயக்க மருந்து வழக்கத்திற்கு வராத காலம் அது! நோயாளிகள் இரத்தமும் வேதனையும் கண்டார்களேயொழியத் திக்கல் நீங்கவில்லை. அந்த முறை விரைவிலேயே கைவிடப்பட்டது. கோளாறு நாவில் இல்லாதபோது நாவை வெட்டி ஆவதென்ன? பாட்டிமார் வசம்பை உரைத்து நாவில் தடவுவதும், கூழாங்கல்லை வாயில் அடக்கிப் பேசச் சொல்வதும் இத்தகையவையே. கல் தொண்டையில் சிக்கும் ஆபத்துதான் மிச்சம்.

பொதுவாக இது இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், சொற்கள் பெருகி வாக்கியங்கள் நீளும் பருவத்தில் தொடங்குகிறது. நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஏதேனும் ஒரு காலத்தில் இது வந்துபோகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவரிடம் நிலைத்துவிடுகிறது. அதாவது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவோ சிகிச்சையினாலோ சரியாகிவிடுகிறது. பெண் பிள்ளைகள் கூடுதலாக மீள்கிறார்கள். அதனால்தான் வளர்ந்தவர்களில் திக்குவோர் பெரும்பாலும் ஆண்களாக இருக்கிறார்கள். 'தானாகச் சரியாகிவிடும்' என்று பெரியவர்கள் சொல்வது முழுப் பொய்யல்ல. ஆனால் எந்தப் பிள்ளைக்குச் சரியாகும், எந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தொடங்கி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகியும் குறையவில்லை, குடும்பத்தில் வேறொருவருக்கு நிலைத்திருக்கிறது, மூன்றரை வயதுக்குப் பின்னர் தொடங்கியது, பேசும்போது முகம் இறுகுகிறது, பேசவே தயங்குகிறான் என்ற நிலை இருந்தால் காத்திருக்கக் கூடாது. பள்ளியில் சேரும் வயதுக்கு முன்பே கொடுக்கப்படும் பயிற்சிக்குப் பலன் அதிகம். நம் ஊரில் நடப்பதோ நேர் எதிர். ஐந்து வயதில் 'சரியாகிவிடும்' என்கிறோம். பெண்பிள்ளையானால் மாப்பிள்ளை பார்க்கும்போதும், பையனானால் வேலைக்கான நேர்முகத் தேர்வின்போதும் மருத்துவரைத் தேடி ஓடுகிறோம்.

சொற்கள் பிள்ளையின் நெஞ்சில் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்னும் ஊரின் அனாதை இல்லத்தில் 22 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதை வழிநடத்தியவர் வெண்டெல் ஜான்சன் என்னும் பேராசிரியர். அவரும் திக்கிப் பேசியவரே. நன்றாகப் பேசிவந்த சில பிள்ளைகளிடம், 'நீ திக்குகிறாய், சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே' என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அப்பிள்ளைகள் வாய் திறக்கத் தயங்கினார்கள், ஒதுங்கினார்கள், படிப்பிலும் பின்தங்கினார்கள். ஆய்வு வெளியே தெரியாமல் பல்லாண்டுகள் கிடந்தது. 2001இல் ஒரு செய்தித்தாள் அதை வெளிக்கொணர்ந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது; 2007இல் மாநில அரசு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அதற்குள் அப்பிள்ளைகளில் சிலர் இறந்துபோயிருந்தார்கள்.

இதிலிருந்து, ஏச்சினால்தான் திக்கல் பிறக்கிறது என்று கொள்வது தவறு. ஜான்சன் அப்படித்தான் எண்ணினார். அவருடைய கருத்து பரவியதால் இரண்டு தலைமுறைப் பெற்றோருக்கு, 'பிள்ளையிடம் திக்கலைப் பற்றி வாயே திறவாதீர்கள், கண்டுகொள்ளாமல் விடுங்கள்' என்று அறிவுரை சொல்லப்பட்டது. அதனால் வேறொரு தீங்கு நேர்ந்தது. வீட்டில் எவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்றால், அது பேசக்கூடாத அளவு கேவலமானது என்று பிள்ளை புரிந்துகொள்கிறான். நம் சிறுவனின் உம்மாவும் நான்கு ஆண்டுகளாக அவனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்சுச் சிகிச்சையாளர் முதல் நாளே அவனிடம், "சில நேரம் சொல் அடைச்சுக்குது, இல்லையா? எந்த எழுத்து ரொம்பக் கஷ்டம்?" என்று இயல்பாகக் கேட்டார். அவன் உம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு இடைவிடாமல் அரைமணி நேரம் பேசினான். திக்கித் திக்கித்தான் பேசினான், ஆனால் நிறுத்தவில்லை.

சிகிச்சை என்றதும் மாத்திரை, ஊசி, கருவி என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. பள்ளிக்குச் செல்லாத சிறு பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிப்பவர் பெரும்பாலும் உம்மாவும் வாப்பாவும்தான். சிகிச்சையாளர் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உருவாகி, அங்குள்ள ஒரு பகுதியின் பெயரால் 'லிட்கோம் முறை' என்று அழைக்கப்படும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் பத்து, பதினைந்து நிமிடம் பிள்ளையோடு அமர்ந்து படம் பார்த்தோ விளையாடியோ பேச வேண்டும். சரளமாக வந்த பேச்சை 'அழகாச் சொன்னியே' என்று பாராட்ட வேண்டும். திக்கலைச் சுட்டுவது எப்போதாவதுதான், அதுவும் கனிவாக. பாராட்டு பலமுறை, சுட்டல் ஒருமுறை என்ற அளவு மாறவே கூடாது. ஒவ்வொரு நாளும் திக்கல் எவ்வளவு இருந்தது என்று மதிப்பெண் குறித்து வாரம் ஒருமுறை சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டும். நியூசிலாந்தில் 54 சிறு பிள்ளைகளிடம் நடத்திய ஒப்பீட்டின் முடிவு 2005இல் வெளியாயிற்று. ஒன்பது மாதங்களுக்குப் பின், இம்முறையில் பயின்றவர்கள் நூறு அசைக்கு சராசரி 1.5 அசையில் திக்கினார்கள், பயிலாதவர்களோ 3.9 அசையில் திக்கினார்கள். பிள்ளையின் பேச்சைத் தொடாமல், வீட்டின் அவசரத்தையும் நெருக்கடியையும் குறைப்பதையே முதன்மையாகக் கொண்ட வேறொரு முறையும் உண்டு. நெதர்லாந்தில் 199 பிள்ளைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2015இல் முடிவு வெளியிட்டார்கள். பதினெட்டு மாதங்களில் இரு தரப்பிலும் நான்கில் மூன்று பங்கு அளவிலான பிள்ளைகள் திக்கலிலிருந்து மீண்டிருந்தார்கள். பெரிய வேறுபாடு இல்லை. எந்த முறை என்பதைவிட, காலத்தே தொடங்குவதும் விடாமல் செய்வதுமே முக்கியம் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் சிகிச்சையாளர் வழிகாட்டாமல் நாமே திருத்தப் புகுந்தால், அது ஏச்சாக முடிந்துவிடும்.

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு வழி வேறு. அடைப்பு வரும்போது முட்டி மோதாமல் நின்று, உதட்டையும் தொண்டையையும் தளர்த்தி, அதே சொல்லை மெல்ல வெளியே எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். வாக்கியத்தின் தொடக்கத்தை மென்மையாகத் தொடவும், இடையிடையே நிறுத்திப் பேசவும் பழக்குகிறார்கள். எங்களுக்கு விந்தையாகத் தோன்றியது, வேண்டுமென்றே திக்கிப் பார்க்கச் சொல்லும் பயிற்சிதான். மறைக்க மறைக்கப் பயம் வளர்கிறது; தானாகவே திக்கிக் காட்டிவிட்டால் பயத்தின் பிடி தளர்கிறது என்பது அதன் பொருள். பிறகு படிப்படியாகச் சூழல்களை மாற்றுவார்கள். நம் சிறுவன் அதுவரை கடைக்குச் சீட்டு எழுதி எடுத்துப் போய்த்தான் சாமான் வாங்கியிருக்கிறான். முதலில் சீட்டில்லாமல் ஒரே ஒரு பொருள் கேட்டு வாங்கினான். பிறகு கூட்டமான நேரத்தில் கேட்டான். கடைக்கார மாமாவுக்கு முன்பே செய்தி சொல்லப்பட்டிருந்தது. "கால் கிலோ சீனி" வந்து சேரும்வரை அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வயதில் முழுக்கத் திக்கல் போய்விடும் என்று எந்த நேர்மையான சிகிச்சையாளரும் உறுதி கூறமாட்டார். குறையும், சில காலம் கழித்து மீண்டும் கூடும், திரும்பப் பயிற்சி வேண்டியிருக்கும். திக்கினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதே குறிக்கோள். இருபது நாளில் பூரண குணம் என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டப்படும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம்.

மூஸா நபி (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைஞ்சியதை நாம் அனைவரும் அறிவோம். அந்த இறைஞ்சலோடு சேர்ந்தே, தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். நாம் முன்னதை அடிக்கடி சொல்கிறோம். பின்னதைப் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தத் துணை நம் வீடுகளில் எப்படி இருக்கிறது? 'நிதானமாப் பேசு', 'மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு', 'யோசிச்சுச் சொல்லு' என்பவை அன்பினால் சொல்லப்படுபவைதாம். ஆனால் 'நீ பேசுவது தவறு' என்றே பிள்ளையின் காதில் விழுகின்றன. அவன் சொல்ல வரும் சொல்லை நாம் முந்திக்கொண்டு முடித்துவைப்பதும் உதவி ஆகாது. நாம் நம் பேச்சின் வேகத்தைக் குறைத்து, அவன் முடித்த பிறகு ஒரு நொடி விட்டுப் பதில் சொன்னால் அவனுக்கும் அவசரம் குறைகிறது. வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமாருக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். தொலைபேசிதான் திக்குவோர்க்கு மிகக் கடினமான இடம். "சீக்கிரம் பேசு, வாப்பாவுக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்று கைபேசியைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டினால் அவன் ஓடி ஒளியத்தான் செய்வான். பாசம் இல்லாத பிள்ளை என்று வாப்பா மனம் நொந்துகொள்கிறார். வாரத்தில் ஒருநாள், அவசரமில்லாத நேரத்தில் அழைத்து, அவன் பேசாவிட்டாலும் நீங்கள் பேசிக்கொண்டிருங்கள்.

நம் ஊர்ப் பட்டப்பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இறந்து முப்பது ஆண்டு ஆன ஒரு பெரியவரை இன்றும் 'திக்குவாய்' என்ற அடைமொழியோடுதான் அடையாளம் சொல்கிறோம். பேரனுக்கும் அதே பெயர் ஒட்டத் தொடங்கியிருக்கிறது.

மக்தபில் நிலைமை மாறியிருக்கிறது. வரிசை முறையில் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்வதை உஸ்தாத் குறைத்துவிட்டார். தன் முறை வரும்வரை காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடமே பிள்ளைக்குப் பெரிய வேதனை. மனப்பாடம் ஒப்புவிப்பதை இருவர் இருவராக வைக்கிறார். அதனால் ஓதுதலின் தரம் எவ்வகையிலும் குறையவில்லை என்பது அவருடைய கருத்து. அச்சிறுவன் திரும்பி வருவதற்கு முன் உஸ்தாத் அவன் வீட்டுக்கே சென்றார். வருகைப் பதிவின்போது உன் பெயரைக் கூப்பிடவா, வேண்டாமா என்று அவனிடமே கேட்டார். "கூப்பிடுங்க. ஆனா யாரும் சிரிக்கக் கூடாது" என்றானாம். அவன் அனுமதியோடு பிற பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லப்பட்டது. பத்து மாதங்களாக இரு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சிக்குப் போகிறான். இன்றும் திக்குகிறான். காலைத் தட்டுவது நின்றுவிட்டது. இவ்வாண்டுத் தேர்வு எழுதியிருக்கிறான்; மதிப்பெண் பலகையில் இருக்கிறது.

எங்கே போவது என்ற கேள்விக்கு வருவோம். 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. பேச்சுப் பயிற்சி அவற்றின் பணிகளில் ஒன்று, கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் விசாரிக்கலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புல நிறுவனமும் பெரிய இடங்கள். தனியாரிடம் செல்பவர்கள், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. வளர்ந்த பிள்ளைகளுக்குத் திக்குவோரே கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழுக்கள் நம் நாட்டிலும் இருக்கின்றன.

தொலைவும் வேலை நாள் இழப்பும்தான் பலருக்குத் தடை. ஒவ்வொரு முறையும் உம்மா ஒருநாள் வீட்டு வேலையை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறிப் போய்வர வேண்டியிருக்கிறது. போக்குவரத்துச் செலவைப் பைத்துல்மாலிலிருந்து கொடுக்க நிர்வாகக் குழு இசைந்துள்ளது. பேச்சுச் சிகிச்சையாளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மக்தபுக்கு வந்து சிறு பிள்ளைகளைப் பார்வையிடவும் ஏற்பாடாகியிருக்கிறது. இதுவரை நான்கு குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன. மேலும் கொடுக்க விரும்புவோர் மக்தப் அலுவலகத்தில் உஸ்தாதிடமோ, பெண்கள் பிரிவின் உஸ்தாதாவிடமோ தனியே சொன்னால் போதும். உதவி பெற்றோர் பட்டியலை ஆண்டறிக்கையில் அச்சிடுவது நம் ஜமாஅத்தின் வழக்கம். இந்த ஒரு செலவினத்திற்கு மட்டும் தொகை அச்சிடப்படும், பெயர்கள் அச்சிடப்படமாட்டா.